பெயரை மட்டும் நானே எழுதினேன்

இன்று காலை, இங்கே ஜெர்மனியில், ஹனோவரில் ஓர் ஏலக்கடையில், ஒரு கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன்!

(நீளமான கடிதமில்லை. ஒரே ஒரு தாள்.)

தெரியாதவர்களுக்கு: நான் பல் வைத்தியர் ஒருவரிடம் உதவியாளராக இருப்பவள். மிச்ச நேரத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கப் பிரமுகர்கள் கையெழுத்திட்ட கடிதங்களைச் சேர்க்கிறேன்.

சந்தையில் வாங்கிய பழைய புத்தகம் ஒன்றுக்குள் ஓர் அமெரிக்க நீதிபதியின் கடிதம் இருந்தது. அதில் தொடங்கியது இது. பல்வலியால் விருந்துக்கு வர முடியவில்லை என்று எழுதியிருந்தார். (இதை நான் எப்படி விடுவது!)

இப்போது என்னிடம் பதினொரு கடிதங்கள். செனட்டர் இரண்டு பேர், ஆளுநர் ஒருவர், கப்பற்படைத் தளபதி ஒருவர்...

என் கணவர்தான் இன்னும் மசியவில்லை.

"செத்துப்போன அமெரிக்கக்காரற்றை கையெழுத்தை வைச்சு என்னப்பா செய்யப்போறீர்?"

"உங்கட கிரிக்கெட் மட்டையிலை இருக்கிற கையெழுத்து மட்டும் சோறு போடுதோ?"

நாளை ஏலம். இன்று போனால் பொருட்களைத் தொட்டுப் பார்க்கலாம்.

'பழைய கடிதங்கள், தபால் முத்திரைகள்' என்று எழுதிய அட்டைப்பெட்டி ஒன்று. அதன் அடியில் நாலாக மடித்த ஒரு தாள். ஆங்கிலம். உச்சியில் அமெரிக்கத் தென்மாநிலம் ஒன்றின் சட்டசபைப் பெயர் அச்சடித்திருந்தது.

முதலில் ஏமாற்றம்தான். கடிதத்தை எழுதியவர் ஒருவர், கீழே பெயர் வைத்தவர் வேறொருவர். எங்களைப் போல் சேர்ப்பவர்களிடம் இதற்கு மதிப்புக் குறைவு. பெரிய மனிதர்கள் செயலாளரை எழுதவிட்டு, கீழே சர்ரென்று கிறுக்கிவிட்டுப் போவார்கள்.

ஆனால் இது கிறுக்கல் இல்லை.

ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியாக, அழுத்தி, மெதுவாக. பேனா தயங்கி நின்ற இடங்களில் மை ஊறிப் பரவியிருந்தது.

பிறகுதான் வாசித்தேன்.

ஹனோவரில் இருந்த ஓர் ஆசிரியைக்கு எழுதிய கடிதம் அது. அவர் அனுப்பிய சிலேட்டுகள் தங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்தன என்று நன்றி சொல்கிறார். கீழே பெயர் வைத்தவர் அடிமையாகப் பிறந்தவர். அவர் பிறந்த ஊரில் அடிமைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பதே குற்றம். விடுதலை வந்த பிறகு, மக்கள் அவரையே தெரிவுசெய்து சட்டசபைக்கு அனுப்பியிருக்கிறார்கள்!

சபைக்கு வரும் சட்டங்களை மகள்தான் வாசித்துக் காட்டுவாளாம். மாலையில் பிள்ளைகளோடு கடைசி வாங்குப் பலகையில் தானும் ஒரு சிலேட்டோடு உட்காருவாராம்.

(ஒரு சட்டசபை உறுப்பினர்!)

கடைசி வரிகள் இவை: "இதை என் மகள் எழுதுகிறாள். கீழே உள்ள பெயரை மட்டும் நானே எழுதினேன். யாரும் என் கையைப் பிடிக்கவில்லை."

மேலே போய் முதலிலிருந்து மறுபடி வாசித்தேன்.

"உங்களுக்கு அது விளங்குதோ?"

பக்கத்தில் பச்சைக் கோட் போட்ட ஓர் அம்மா. எழுபது வயதுக்கு மேல் இருக்கும். (ஜெர்மனில்தான் கேட்டார். எங்கள் பேச்சில் தருகிறேன்.) பெட்டி அவருடையதுதான். சின்ன வீட்டுக்கு மாறுவதால் எல்லாவற்றையும் விற்கிறார். கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டுப் போக வந்திருக்கிறார்.

"எனக்கு இங்கிலிஷ் வராது. அந்த ரீச்சர் என்ரை பூட்டனாற்றை தங்கச்சி. எங்கட வீட்டிலை அவவை விசரி, பைத்தியம் எண்டுதான் சொல்லுவினம். சம்பளத்தை எல்லாம் சிலேட் வாங்கியே அழிச்சவவாம். ஆருக்கு வாங்கினவ எண்டு ஒருத்தருக்கும் தெரியாது."

உண்மையைச் சொல்கிறேன். பொய் என் தொண்டைவரை வந்தது.

'ஏதோ பழைய நன்றிக் கடிதம்' என்று சொல்லியிருந்தால் போதும். நாளை அந்தப் பெட்டிக்கு என்னைத் தவிர யாரும் கை உயர்த்தியிருக்க மாட்டார்கள்!

தாளை மறுபடி பார்த்தேன். அந்தப் பெயரைக் கையில் வைத்துக்கொண்டு என்னால் பொய் சொல்ல முடியவில்லை.

வரிவரியாக ஜெர்மனில் சொன்னேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். தாளில் படாமல், பெயருக்கு மேலே விரலை எழுத்தெழுத்தாக நகர்த்தினார்.

"அப்ப அவ விசரி இல்லை," என்றார்.

பிறகு நேரே கவுண்டருக்குப் போனார்.

"அந்தப் பெட்டியை நான் விக்கேல்லை."

"அம்மா, நாளைக்கு ஏலம். இப்ப திருப்பி எடுக்கிறதெண்டால் ஒரு விண்ணப்பம் நிரப்பவேணும்."

"தாங்கோ, நிரப்பிறன்!"

நின்றபடியே நிரப்பினார். நான் அவருடைய கைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். போகும்போது என் தொலைபேசி இலக்கத்தை வாங்கிக்கொண்டார். (அந்த உறுப்பினரின் பெயரை இங்கே போடவில்லை. அது அந்த அம்மாவின் கடிதம். அவர் விரும்பினால் சொல்லட்டும்.)

வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தேன்.

"வாங்கினீரோ?" என்றார் கணவர்.

"இல்லை. நானே வாசிச்சுக் காட்டி, நானே கெடுத்துப்போட்டன்."

முழுவதையும் சொன்னேன். கேலி வரும் என்று பார்த்தால், டிவியின் சத்தத்தைக் குறைத்தார்.

"சட்டம் போடுற ஆள், சின்னப்பிள்ளையளோடை வாங்கிலையோ?"

"ஓம்."

பிறகு கேட்டார்:

"அந்தாள் கடைசியிலை எழுதப் பழகினவரோ?"

எனக்கும் தெரியவில்லை. அதைத்தான் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன்.

பின்னேரம் போன் 'டிங்' என்றது. அந்த அம்மா! வீட்டு அலுமாரியில் இன்னொரு கடிதம் கிடந்ததாம். உறையில் யாரோ முத்திரையை வெட்டி எடுத்துவிட்டதால், விலைபோகாது என்று பெட்டியில் வைக்கவில்லையாம். பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். கீழே ஒரே ஒரு கேள்வி: "இதுவும் அந்த மனுசன்ரையோ?"

முதல் படத்தைப் பெரிதாக்கினேன். கணவர் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

மேலிருந்து கீழ்வரை அதே அழுத்தம். அதே தனித்தனி எழுத்துகள். மூன்றாம் வரியில் ஓர் எழுத்துப் பிழை. யாரும் திருத்தவில்லை.

நாலு பக்கம், நண்பர்களே!

நாலு பக்கமும் அவரே எழுதியது!