ஏலக்காரரின் பல்செட்

காய்கறி மண்டியில் அவரை எல்லோரும் வெண்கலத் தொண்டை என்றுதான் கூப்பிடுவார்கள். விடிகாலையில் மூட்டைகள் வந்து இறங்கியதும், கவிழ்த்த மரப்பெட்டியின்மேல் ஏறி நின்று அவர் ஏலம் கூற ஆரம்பித்தால், தெருக்கோடியில் நிற்கும் லாரிக்காரருக்கும் தக்காளி என்ன விலைக்குப் போகிறது என்று தெரிந்துவிடும். நடுநடுவே கேலி வேறு. "ஏம்பா, வாங்கறியா, இல்ல வேடிக்கை பாக்க வந்தியா?" என்று அவர் கேட்டால், கையைக் கட்டிக்கொண்டு நின்றவர்கூட ஒரு விலை சொல்லிவிடுவார்.

ஈறு நோய் வந்து, அறுபது வயதுக்குள் பல் அத்தனையும் போயிற்று. பல் மருத்துவமனையில் பல்செட் செய்து கொடுத்தார்கள். வாங்கிய புதிதில் ஒழுங்காகத்தான் இருந்தது. பிறகு லேசாக ஆட ஆரம்பித்தது. ஒருநாள் கத்தரிக்காய்க் குவியலுக்கு எதிரே நின்று "அம்பத்தஞ்சு!" என்று ஓங்கிச் சொன்னபோது, மேல் செட் கழன்று காய்களின்மேலேயே விழுந்தது.

"இதையும் சேர்த்தா விலை, அண்ணே?" என்றார் ஒரு வியாபாரி. மண்டியே சிரித்தது. அவரும் சிரித்துவைத்தார். ஆனால் மறுநாள் பெட்டியின்மேல் அவருடைய மச்சினன் ஏறினான். இவர் தராசுப் பக்கம் ஒதுங்கிக்கொண்டார்.

அதன்பிறகு ஆள் வாயே திறப்பதில்லை. வீட்டில் எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, சமையலறையில் தனியாக உட்கார்ந்து சோற்றைக் குழைத்து விழுங்குவார். "என்னங்க ஆச்சு?" என்று மனைவி கேட்டால், தட்டைக் கழுவ எழுந்துவிடுவார்.

சில மாதம் கழித்து மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தது. பல்செட் வைத்துக்கொண்டவர்களின் அன்றாட வாழ்க்கை எப்படிப் போகிறது என்று ஓர் ஆய்வாம். அவரை மனைவிதான் இழுத்துக்கொண்டு போனாள்.

"இது பரீட்சை இல்லைங்க ஐயா," என்றார் இளம் டாக்டரம்மா. "எப்பவும், எப்பவாவது, இல்லவே இல்ல. இதுல எது சரியோ அதைச் சொன்னா போதும். சாப்பிடும்போது சிரமமா இருக்கா?"

"இல்லவே இல்ல."

"பேசும்போது?"

"இல்லவே இல்ல."

"பல்லை நெனச்சு, நாலு பேரோட பழகறதைத் தவிர்க்கறீங்களா?"

"இல்லவே…"

"பொய்!" என்றாள் மனைவி. "எப்பவும்னு போடுங்க டாக்டர். எல்லாத்துக்கும் எப்பவும்தான். சுவத்தோட குடித்தனம் பண்ற மாதிரி இருக்கு எனக்கு."

அவர் தரையைப் பார்த்தபடி மெல்ல, "அவ சொல்றபடியே போட்டுக்குங்கம்மா," என்றார்.

டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டு அவர் வாயைப் பார்த்தார். "ஈறு வத்தியிருக்கு. எல்லாருக்கும் நடக்கறதுதான். செட்டோட உள்பக்கத்துல புதுசா ஒரு பூச்சு குடுத்தா கச்சிதமா உக்காந்துடும். ஏங்க ஐயா முன்னாடியே வரல?"

"பல்லு விழுந்த கதைய யார்கிட்டப் போய்ச் சொல்றதும்மா?"

செட்டைச் சரிசெய்து கொடுத்து, தினமும் சத்தமாகப் பேசிப் பழகச் சொன்னார் டாக்டரம்மா. அன்று மாலையே மனைவி ஒரு பூசணிக்காயை மேஜைமேல் தூக்கிவைத்தாள். "ம், விடுங்க ஏலம்." அவளும் வீட்டு மருமகளும் விட்டுக்கொடுக்காமல் விலையை ஏற்றியதில், பூசணி தங்கத்தின் விலைக்குப் போயிற்று. செட்டைக் கழற்றிவிட்ட அந்த 'அம்பத்தஞ்சு' மட்டும் முதலில் வெறும் காற்றாகத்தான் வந்தது. நாள் போகப்போக நாக்கு வழிக்கு வந்தது.

அவர் மறுபடி மண்டிக்குப் போய் நின்றபோது மச்சினன் பெட்டியிலிருந்து குதித்தான். "வாங்க மாமா, கத்திக்கத்தி எனக்குத் தொண்டையே போச்சு," என்று கைகொடுத்து ஏற்றிவிட்டான். எந்த வியாபாரியும் பழைய கதையை எடுக்கவில்லை. அன்றைக்கு முதல் விலையை, முன்பு பல்செட்டைக் கேலி செய்த அதே ஆள்தான் சொன்னார்.

ஆய்வுக்காக இன்னொரு தடவை கூப்பிட்டு அதே கேள்விகளைக் கேட்டார் டாக்டரம்மா. "வேர்க்கடலை மட்டும் கடிக்க முடியலம்மா. அதுக்கு எப்பவும்னே போடுங்க," என்றார் அவர். ஒவ்வொரு பதிலுக்கும் போட்ட மதிப்பெண்ணைக் கூட்டிப் பார்த்தபோது, போன தடவையைவிடப் பாதிக்குமேல் குறைந்திருந்தது. சிரமத்துக்குத்தான் மதிப்பெண் என்பதால், இந்தக் கணக்கில் குறைந்தால்தான் நல்லதாம்.

"மார்க் குறைஞ்சதுக்கு யாரும் என்னைத் திட்டாம இருக்கறது இதுதான் முதல் தடவை," என்று சிரித்தவர், எழுந்து கைகூப்பினார். "பல்லு செஞ்சு குடுக்கறது உங்க தொழில்மா. அதை வெச்சுக்கிட்டு நான் எப்படி இருக்கேன்னும் கேட்டீங்களே. நீங்க நல்லா இருக்கணும்."

வெளியே வந்ததும், எந்த பஸ்ஸில் போவது என்று புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் வாக்குவாதம் வந்துவிட்டது. நிறுத்தத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு அவர் முழங்கினார். மனைவி கடைசியில் தோற்றுப்போனாள். தோற்றதில் அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.