பெயரைச் சொல்லும் வேலை

யாருக்காவது காசநோய் இருக்குன்னு தெரிஞ்சா அரசாங்கத்துக்குச் சொல்லியாகணும். சொல்லாத டாக்டரைத் தேடிப் போறதும், சொல்லப்பட்ட ஆளைத் தேடிப் போறதும்தான் என் உத்தியோகம். கையில பட்டியலோட வீடு வீடா அலைஞ்சு, கதவைச் சாத்திக்கிட்டவங்ககிட்ட வெளியே நின்னு பேசின எல்லாருக்கும் நான் சொல்லப்போறது புரியும்.

வெறும் இருமல்

கம்பத்துல ஒரு கிளினிக். டாக்டர் நல்ல மனுஷர், போனா டீ சொல்லுவார். ஒருநாள் அவர் மேஜையில கிடந்த எக்ஸ்ரேயைப் பார்த்தேன். படிக்காதவனுக்கே தெரியும், அப்படியொரு நுரையீரல். சீட்டுல மட்டும் "நாள்பட்ட இருமல்"னு எழுதியிருந்தது. இந்தப் பேரை எங்களுக்குத் தந்தா மாத்திரை இலவசம், வீட்டுல குழந்தைகளையும் சோதிச்சிரலாம்னு கெஞ்சினேன். டாக்டர் எக்ஸ்ரேயை எடுத்து உறைக்குள்ள போட்டார்.

"டி.பி. டாக்டர்னு பேர் விழுந்துட்டா, காய்ச்சல்காரன்கூட எதிர்த்த ஆஸ்பத்திரிக்குப் போயிருவான் தம்பி."

செல்வியின் வீடு

காமயகவுண்டன்பட்டி செல்வி, திராட்சைத் தோட்டத்துல கொடியை வெட்டிவிடுற கவாத்து வேலைக்குப் போற பொண்ணு. சளி டெஸ்ட்ல நோய் உறுதியாச்சு. ஆனா அவ கொடுத்த போன் நம்பர் தப்பு. தெருத்தெருவா விசாரிச்சேன். பக்கத்து வீட்டம்மாகிட்ட, பஞ்சாயத்து ஆபீஸ்ல இருந்து வர்றேன்னு பொய்தான் சொன்னேன். அந்த நேரம் பார்த்து என் பையில இருந்து சளி எடுக்கிற டப்பா ரெண்டு கீழே உருண்டுச்சு. அந்தம்மா சேலைத் தலைப்பால வாயைப் பொத்திக்கிட்டு உள்ளே போயிருச்சு.

செல்வி ஆறு மாசமும் ஒருநாள் விடாம மாத்திரை சாப்பிட்டா. பூரணமா குணமாயிட்டா. அந்தச் சந்தோஷத்தைச் சொல்லத்தான் கடைசியாப் போனேன். பட்டப்பகல்ல வீட்டுல உட்கார்ந்திருந்தா. நோய் தெரிஞ்ச வாரத்துல இருந்தே கவாத்துக்கு யாரும் கூப்பிடலையாம். குழாயடியில அவ குடத்துக்குத்தான் கடைசி முறையாம். ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்துட்டுத் திருப்பிக் கொடுத்தா.

"நோய் ஆறு மாசத்துல போயிரும்னீக, போயிருச்சு. நீங்க வந்துட்டுப் போனது எப்ப சார் போகும்?"

மலைக்கு மேலே, மலைக்குக் கீழே

சேசுராசுக்குச் சொந்த ஊர் கம்பம் பக்கம். வேலை மலைக்கு மேல, கேரளாவுல ஏலக்காய்த் தோட்டத்துல. நோய் தெரிஞ்சது இங்கன. ஒரு மாசத்து மாத்திரையை வாங்கிக்கிட்டு ஜீப் ஏறிட்டாரு. மிச்ச மாத்திரை அங்கேயே கிடைக்கட்டும்னு, அவர் பேரைக் கம்ப்யூட்டர்ல தோட்டம் இருக்கிற மாவட்டத்துக்கு மாத்திவிட்டேன். "விலாசத்தில் ஆள் இல்லை"ன்னு திரும்பி வந்துச்சு. மறுபடி அனுப்பினேன், மறுபடி திரும்புச்சு. நானே மேல போயிருக்கலாம். எல்லை தாண்ட அனுமதி வேணும்னு ஆபீஸ்ல சொன்னாக. நானும் அதைச் சாக்கா வச்சுக்கிட்டேன்.

மாத்திரை தீர்ந்து ரெண்டு மாசம் கழிச்சு, அதே ஜீப்புல அவரைப் படுக்க வச்சுக் கொண்டாந்தாக. நாலாம் நாள் போயிட்டாரு. கல்லறையில மண் போட்டுட்டு வெளியே வந்தப்ப போன் அடிச்சுச்சு. மலைக்கு மேல என்னை மாதிரியே வேலை பார்க்கிறவர், மலையாளம் கலந்த தமிழ்ல சந்தோஷமாச் சொன்னாரு:

"சாரே, உங்க டிரான்ஸ்ஃபர் அக்செப்ட் ஆயி, இனி ஆளை அனுப்பிக்கோங்க."

இத்தனை வருஷமா நோயை அரசாங்கத்துக்குத் தெரியப்படுத்துறேன்னுதான் சம்பளம் வாங்குறேன்; ஆனா நான் போற இடத்துல முதல்ல தெரிஞ்சுக்கிறது ஊருதான், கடைசியாத் தெரிஞ்சுக்கிறது அரசாங்கம்.