முபஷ்ஷிராவின் பன்னிரண்டு வாரங்கள்

பத்தொன்பது வயதுவரை முபஷ்ஷிராவுக்கு இருப்பது காசநோய் என்றே எல்லோரும் நம்பினார்கள். ஆம்பூரில் இரண்டு முறை ஆறு மாத மருந்தை முழுதாகச் சாப்பிட்டு முடித்தாள். இருமல் நிற்கவில்லை. குழந்தையாக இருந்தபோது அவளை முத்தமிட்டால் உதடு உப்புக் கரிக்கும் என்று அவள் அம்மா மஹ்பூபி பேச்சுவாக்கில் சொன்னதைக் கேட்டுத்தான், வேலூரில் ஒரு டாக்டர் வியர்வையைச் சோதிக்க எழுதிக் கொடுத்தார். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ். பிறவி நோய். நுரையீரலில் சளி பசையாகக் கெட்டித்துவிடும். சாப்பிட்டது உடம்பில் ஒட்டாது.

"மாத்திரை சாப்ட்டா சரியாய்டும் இல்ல?" என்று மஹ்பூபி கேட்டாள். டாக்டர் சரியாகிவிடும் என்று சொல்லவில்லை.

அதன் பிறகும் ஏழு வருடம் முபஷ்ஷிரா ஷூ கம்பெனியில் வேலை பார்த்தாள். இடது ஷூவும் வலது ஷூவும் ஒரே நிறமா, ஒரே தோல் வரியா என்று பார்த்து ஜோடி சேர்க்கும் வேலை. எட்டு மணி நேரம் நின்றுகொண்டே பார்க்க வேண்டும். இருபத்தாறாம் வயதில் கால்கள் கைவிட்டன. தொடைச் சதை கரைந்து, சேலைக்குள் இரண்டு குச்சிகள்போல் ஆயின. உட்கார ஒரு ஸ்டூல் கேட்டாள்.

"உனக்குக் குடுத்தா லைன்ல எல்லாரும் கேப்பாங்கம்மா," என்றார் சூப்பர்வைசர். மறு வாரம் அவள் வேலையை விட்டு நின்றுவிட்டாள்.

அப்போதுதான் வேலூர் ஆஸ்பத்திரியில் இருந்து அழைப்பு வந்தது. இந்த நோய் உள்ள பெரியவர்களுக்குக் கால் பலம் கூடுமா என்று அதிர்வுப் பயிற்சி கொடுத்துப் பார்க்கிறார்கள். பன்னிரண்டு வாரம், வாரத்துக்கு மூன்று நாள். பிசியோதெரபிஸ்ட் ஜாஸ்மின் அவளை ஒரு பலகைமேல் ஏற்றி, முழங்காலைப் பாதி மடக்கி நிற்கச் சொன்னாள். பலகை அதிர ஆரம்பித்ததும் பல் தந்தியடித்தது, கன்னம் குலுங்கியது.

"இன்னா மேடம், பஸ்ல கடைசி சீட்டு மாதிரி இருக்குது," என்றாள் முபஷ்ஷிரா. ஜாஸ்மின் சிரித்துவிட்டாள்.

அவளுக்கு முந்தைய நேரம் அரக்கோணத்துக்காரன் ஹேமந்துடையது. அவனுக்கும் இதே நோய். ஒருவர் கிருமி இன்னொருவரைக் கொன்றுவிடலாம் என்பதால் இருவரும் ஒரே அறையில் இருக்கக் கூடாது. அவன் போனதும் ஜாஸ்மின் பலகையைத் துடைத்து, ஜன்னலைத் திறந்து வைத்து, அரை மணி கழித்துத்தான் இவளைக் கூப்பிடுவாள். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் அவன் போவதை இவள் பார்த்திருக்கிறாள். மெலிந்த முதுகு, தோளில் பெரிய பை. ஒருநாள் அவன் ஜாஸ்மினிடம் தன் நம்பரைக் கொடுத்து அனுப்பினான்.

போனில் பேசினார்கள். ஒருவர் இருமி முடிக்கும்வரை மற்றவர் காத்திருப்பார். அதற்கு யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. முபஷ்ஷிராவின் வாழ்க்கையில் அப்படி ஒரு பேச்சு அதுவரை நடந்ததில்லை.

"நேத்து ஸ்டேஷன் படி ஏறிட்டேங்க. நடுவுல நிக்கவே இல்ல," என்றான் ஒருநாள்.

"மூச்சு?"

"அது மேல போய்தான் வந்துச்சு."

ஒன்பதாவது வாரம் திங்கட்கிழமை ஜாஸ்மின் போன் செய்தாள். "நாளைக்கு நீ முன்னாடியே வரலாம் மா. உனக்கு முந்தின டைம் காலியா இருக்கு." முபஷ்ஷிரா ஏன் என்று கேட்கவில்லை. மறுநாள் பலகைமேல் ஏறி முழங்காலை மடக்கினாள். அதிர்வில் கண்ணீர் கன்னத்தில் நேராக இறங்காமல் சிதறியது. ஜாஸ்மின் மெஷினை நிறுத்தக் கை நீட்டினாள்.

"வேணாம் மேடம். முடிச்சிடறேன்."

கடைசி நாள் சோதனையில், அரை நிமிடத்தில் நாற்காலியில் இருந்து பதினாறு முறை எழுந்து உட்கார்ந்தாள். ஆரம்பத்தில் ஒன்பதுதான். ஊதும் சோதனையில் மூச்சு முன்னைவிடக் குறைந்திருந்தது. கால்களுக்கு நல்ல பலன் என்று டாக்டர் எழுதிக்கொண்டார்.

"இந்தக் கால வச்சுக்கினு நான் எங்க மேடம் போறது?" என்று கேட்டாள். ஜாஸ்மின் அவள் கையைப் பிடித்தாள்.

மழைக்காலத்தில் ஆக்சிஜன் மெஷின் வீட்டுக்கு வந்தது. அதன் குழாய் சமையலறை வாசல்வரை எட்டும். அவள் அதுவரை நடப்பாள், திரும்புவாள்.

ஒரு பகலில் ஹேமந்தின் நம்பரில் இருந்து அழைப்பு வந்தது. எடுத்தாள். அவன் அம்மா செண்பகம்.

"அவன் போன்ல உன் பேரு இருந்துச்சு மா. அந்த மெஷின்ல நீயும் நின்னியாமே. உனக்காவது குணமாச்சா?"

முபஷ்ஷிரா இருமி முடித்தாள். "கால் நல்லா பலமா இருக்கு மா."

"அவனும் அதான் சொன்னான்," என்றாள் செண்பகம்.