கொண்டை பார்த்து எடுத்த சேவல்

மகளின் பள்ளிப்படிப்பு முடிந்த கையோடு மெல்பர்னில், கிளென் வேவர்லியில் இருந்த வீட்டை விற்றோம். அந்த வீட்டை வாங்கியதே பள்ளிக்கூடத்துக்காகத்தான். அவள் சிட்னிக்குப் படிக்கப் போன பிறகு அங்கே எங்களுக்கு என்ன வேலை? மெல்பர்னிலிருந்து ஒன்றரை மணி நேரம் தள்ளி, மலைச்சரிவில் இரண்டு ஏக்கர் நிலத்தோடு ஒரு பழைய வீடு கிடைத்தது. கணவருக்கு வீட்டிலிருந்தே பார்க்கிற கணினி வேலை. எனக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியிலேயே இடம் கிடைத்துவிட்டது. ஜூலை மாதம் இங்கே குளிர்காலம், விடிகாலையில் பனியில் புல் வெள்ளையாகிவிடும், கார் கண்ணாடியைச் சுரண்டிவிட்டுத்தான் கிளம்ப முடியும் என்று வீட்டை விற்றவர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

கோழி வளர்க்கலாம் என்று சொன்னது நான்தான். முட்டைக்காக என்று வெளியே சொல்லிக்கொண்டேன். உண்மையில் எனக்கு அவற்றை வேடிக்கை பார்க்க வேண்டும். மேய்ந்துகொண்டிருக்கிற கோழி ஏன் சட்டென்று நின்று ஒற்றைக் கண்ணால் வானத்தைப் பார்க்கிறது? யாருக்கு யார் வழிவிடுகிறார்கள்? ஐம்பது வயதில் இதெல்லாம் தெரிந்துகொண்டு என்ன ஆகப்போகிறது என்று கேட்கலாம். தெரிந்துகொள்ளாவிட்டால் தூக்கம் வராது, அவ்வளவுதான்.

என் வீட்டுக்காரர் எக்செல் இல்லாமல் எதையும் செய்யமாட்டார். கோழிக்கும் ஒன்று போட்டார். குளிர் தாங்குமா, குளிர்காலத்தில் முட்டை நிற்காமல் இருக்குமா, திறந்துவிட்டால் தானே மேயுமா, குணம் எப்படி என்று வரிசையாகப் பத்திகள். கடைசியில் கொண்டைக்கு ஒரு பத்தி.

“கொண்டைக்கு எதுக்குங்க தனியா?” என்றேன்.

“பெரிய கொண்டைன்னா பனியில நுனி கருகிடுமாம். சின்னதா, தலையோட ஒட்டி இருந்தா தப்பிச்சுக்கும்.”

ரத்தக் கூடத்தில் வேலை பார்க்கிறவளுக்கு இது விளங்காமல் இருக்குமா? கொண்டை முழுக்க ரத்தம். உடம்புச் சூட்டை வெளியே விடுகிற இடம். வெயில் ஊருக்கு நல்லது, பனி ஊருக்கு ஆபத்து. கேட்கவே சுவாரசியமாக இருந்தது. சுவாரசியப்பட்டதோடு சரி, மண்டையில் ஏற்றிக்கொள்ளவில்லை.

பெட்டைகளைத் தேர்ந்தெடுப்பதில் சண்டை வரவில்லை. ஆஸ்திரலார்ப் என்கிற கறுப்புக் கோழி மூன்று. வையண்டாட் என்கிற, இறகு ஒவ்வொன்றுக்கும் கறுப்புக் கரை போட்ட தடித்த கோழி இரண்டு. பகலெல்லாம் வெளியே மேயப் போகிறவை. நரி உண்டு, கழுகு உண்டு. காவலுக்கு ஒரு சேவல் அவசியம் என்றாகிவிட்டது.

கோழிகளை விற்ற அம்மாவுக்கு எழுபது வயதிருக்கும். ரப்பர் பூட்ஸோடு எங்களை முற்றத்துக்குக் கூட்டிப்போய் இரண்டு இளஞ்சேவல்களைக் காட்டினார். ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், நீங்கள் விடுவது ஞாயிற்றுக்கிழமை சட்டிக்குப் போகும், என்னிடம் ஏற்கெனவே ஒரு சேவல் இருக்கிறது, இன்னொன்றுக்கும் தீனி போட்டு மாளாது என்றார். பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னார்.

ஒருவன் கறுப்பு. வெயிலில் கழுத்து பச்சையாக மின்னியது. ஐந்து முனைகளோடு நிமிர்ந்து நின்றது கொண்டை, செம்பருத்திச் சிவப்பு. சேவல் என்றால் இதுதான் சேவல். இன்னொருவன் வையண்டாட். அவன் கொண்டை யாரோ கட்டைவிரலால் அழுத்திவிட்ட மாதிரி மண்டையோடு ஒட்டிக்கிடந்தது.

“ஷீட்படி பார்த்தா இவன்தான்,” என்று கணவர் தட்டைக் கொண்டைக்காரனைக் காட்டினார்.

“சேவல்னா கொண்டை வேணாமா? இதைப் பார்த்தா ஏதோ தோல்வியாதி மாதிரி இருக்கு. உங்க ஷீட்டா தினமும் அதைப் பார்த்துட்டு நிக்கப்போகுது? நான்தானே?”

அந்த அம்மா ஒரு கைப்பிடி தானியத்தை வீசினார். நான் கறுப்பனைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். அவனையே அட்டைப்பெட்டியில் போட்டுக் கொண்டுவந்தோம்.

முதல் வாரமே ஒன்றைக் கவனித்தேன். தீனி போட்டால் அவன் சாப்பிடுவதில்லை. ஒரு மணியை அலகால் எடுத்துக் கீழே போடுவான், திரும்ப எடுப்பான், ‘டுக் டுக் டுக்’ என்று அடித்தொண்டையில் கூப்பிடுவான். பெட்டைகள் ஓடிவந்து அதைக் கொத்திக்கொள்ளும். ஐந்து பேருக்கும் ஆன பிறகுதான் அவன் வாய்க்கு ஏதாவது போகும். மண்புழு கிடைத்தாலும் இதே கதைதான். வேலைக்குப் போகிற அவசரத்திலும் காப்பியோடு நின்று இதைப் பார்ப்பேன். கொண்டைக்காக எடுத்தவனிடம் இப்படி ஒரு குணம் இருந்ததில் எனக்குப் பெருமை தாங்கவில்லை, ஏதோ நான் வளர்த்த வளர்ப்பு மாதிரி.

ஜூலை வந்தது. தண்ணீர்க் கிண்ணத்தில் பனிக்கட்டி மூடியிருந்த காலையில் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. எக்செலின் கடைசிப் பத்தி கண்முன் வந்து நின்றது. கூண்டின் கூரைக்குக் கீழே, இரண்டு பக்கமும் கம்பிவலை அடித்த காற்றுத் திறப்பு இருந்தது. அதன் வழியாகத்தானே குளிர் உள்ளே வருகிறது?

நாங்கள் மார்கழி வந்தாலே காதில் பஞ்சு வைத்துக்கொள்கிற ஊர்க்காரர்கள். இருபது டிகிரிக்கே குழந்தைக்குக் குரங்குக் குல்லா மாட்டுகிறவர்கள். குளிர் என்றால் ஓட்டையை அடை, இதைத் தவிர எங்களுக்கு வேறு வைத்தியம் தெரியாது. ஷீட் போட்ட மனிதரும் குல்லாவோடு வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டார். பழைய போர்வைகளைச் சுருட்டி எல்லாத் திறப்பையும் அடைத்தேன். போதாததற்கு, உறைந்துபோன தேங்காய் எண்ணெயை வெந்நீரில் இளக்கிச் சேவலின் கொண்டையில் தடவினேன். உள்ளே கைவைத்துப் பார்த்தால் கதகதப்பாக இருந்தது. நிம்மதியாகத் தூங்கினேன்.

ஒரு வாரம் கழித்து, காலையில் கூண்டைத் திறந்தேன். சேவல் கூவவில்லை. மூலையில் இறகைப் புசுபுசுவென்று விட்டுக்கொண்டு நின்றான். ஐந்து முனைகளும் கறுத்திருந்தன. தானியத்தைப் போட்டேன். அவன் யாரையும் கூப்பிடவில்லை. பெட்டைகள் கொஞ்ச நேரம் அவன் முன்னால் நின்று பார்த்துவிட்டு, தாமாகவே பொறுக்கித் தின்றன. எனக்கு அழுகை வந்துவிட்டது. செத்துவிடுவான் என்றே நினைத்தேன்.

ஃபோன் செய்ததும் அந்த அம்மா பழைய வண்டியை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். சேவலைப் பார்ப்பதற்கு முன்னால் கூண்டுக்குள் தலையை விட்டு மோந்து பார்த்தார். கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வந்து கூரையின் உள்பக்கத்தைக் காட்டினார். ஓரமெல்லாம் நீர்த்துளி. ஆறு உடம்பின் மூச்சும் எச்சமும் போக இடமில்லாமல் மேலே போய்த் தண்ணீராகி, இவன் கொண்டையில் ஈரமாக உட்கார்ந்து, பனியில் உறைந்திருக்கிறது. காய்ந்த குளிரை அவை தாங்கும், இறகு எதற்கு இருக்கிறது. ஈரக் குளிரைத்தான் தாங்காது என்றார். பிறகு ஏணியில் தானே ஏறி, போர்வைகளை ஒவ்வொன்றாக உருவிக் கீழே போட்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

கறுத்ததைத் தொடாதே, தானே காய்ந்து விழும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். வண்டிக் கதவைத் திறந்தபோது நான் கேட்டேன், அந்த இன்னொருவன் என்ன ஆனான் என்று. என்னைக் கொஞ்சம் ஆச்சரியமாகப் பார்த்தார். சொன்னேனே, ஞாயிற்றுக்கிழமை என்றார்.

எங்களுடையவன் பிழைத்தான். நான்காம் நாள் தண்ணீர் குடித்தான். பத்தாம் நாள் ஒரு மணியை எடுத்துக் கீழே போட்டு, ‘டுக் டுக்’ என்றான். பெட்டைகள் ஓடிவந்த வேகத்தைப் பார்க்க வேண்டுமே! செப்டம்பருக்குள் முனைகள் ஐந்தும் உதிர்ந்துவிட்டன. மொட்டையான சிவப்பு விளிம்பு மட்டும் மிச்சம்.

“இப்ப நாம விட்டுட்டு வந்தவன் மாதிரியே இருக்கான்ல?” என்றார் கணவர். கேலியாகத்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. அவரிடம் எரிந்து விழுந்தேன்.

அவர் உள்ளே போன பிறகு, கறுப்பனின் பழைய கொண்டையைப் பார்க்கும் ஆசையில் அந்த அம்மாவின் முற்றத்தில் எடுத்த படத்தைக் கைப்பேசியில் தேடி எடுத்தேன். நடுவில் அவன், ஐந்து முனைகளோடு. படத்தை விரலால் பெரிதாக்கிக்கொண்டே போனபோது இடது ஓரம் கண்ணில் பட்டது. தட்டைக் கொண்டைக்காரன் தலையைத் தரையோடு தாழ்த்தியிருக்கிறான். அலகு நுனியில் ஒரு தானியம். அவனை நோக்கி இரண்டு பெட்டைகள் ஓடிவருகின்றன.