கிழக்கேகோட்டையை மேடாக்கின என் கணக்கு

திருவிதாங்கூரும் கொச்சியும் சேர்ந்து திரு-கொச்சின்னு ஆகி கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. நாங்க திருவனந்தபுரத்துல சாலைங்கிற கடைத்தெருவுல இருந்தோம். எனக்கு அப்போ வயசு முப்பத்தஞ்சு. அந்த வயசுல எங்க தெருப் பொம்பளைகள் மகளுக்கு மாப்பிள்ளை தேடிக்கிட்டு இருப்பாங்க. நான் டி-ஸ்கொயர்ங்கிற நீட்டு ஸ்கேலைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு டிராயிங் படிக்கப் போனேன். தெருவே வேடிக்கை பார்த்தது. பார்த்தா பார்க்கட்டும்னு போனேன்.

எங்க பூர்வீகம் நாகர்கோவில் பக்கம். அண்ணனுக்கு சாலையில அரிசி, பருப்பு மொத்த வியாபாரம். கடைக்குப் பின்னாலேயே வீடு. என் வீட்டுக்காரர் சண்டைக் காலத்துல கொழும்புக்குப் போனவர். ஆரம்பத்துல கடிதாசி வந்தது, அப்புறம் நின்னு போச்சு. அவரைத் தேடிப் போனவங்க, அவர் இருந்த இடத்துல வேற யாரோ இருக்காங்கன்னு வந்து சொன்னாங்க. ஆனா எங்க வீட்டுல யாரும் அவர் போயிட்டார்னு சொல்லமாட்டாங்க. "இப்ப வருவாரு"ங்கிறதுதான் பேச்சு. விசேஷ வீட்டுல யாராவது கேட்டா எனக்கு முந்தி அண்ணன் சம்சாரம், எங்க மைனி, சொல்லிடுவா, "கொழும்புல இருக்காரு, வந்திருவாரு"ன்னு. பிள்ளை குட்டியும் கிடையாது. நான் அண்ணன் வீட்டுல அரைச்சும் கரைச்சும் காலத்தைத் தள்ளிக்கிட்டு இருந்தேன்.

அப்பதான் திருநெல்வேலியிலிருந்து என் வீட்டுக்காரரோட அண்ணன் வந்தார். அவர் சம்சாரத்துக்கு மூட்டுவலி, எழுந்து நடக்க முடியலை. தம்பி வர்ற வரைக்கும் நான் அங்கே வந்து இருக்கிறதுதான் முறைன்னு சொன்னார். முறையாவது மண்ணாவது. அவங்களுக்குச் சமையலுக்கும் நோயாளிக்கும் ஆள் வேணும், அவ்வளவுதான். அங்கே போனா நான் திரும்பி வரப்போறதில்லைன்னு எனக்கு நல்லாத் தெரியும். அண்ணனோ தலையை ஆட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தார்.

கல்யாணத்துக்கு முன்னாடி, ஸ்கூல் பைனல் முடிச்சதும் ஒரு டிராயிங் ஸ்கூல்ல சேர்ந்து பாதி படிச்சவள் நான். முகூர்த்தம் குறிச்சதும் அப்பா நிறுத்திட்டார். அதை முடிக்கிறேன், முடிச்சா கட்டடம், ரோடு போடுற ஆபீசுகள்ல பிளான் வரையற வேலை கிடைக்கும்னு அண்ணன்கிட்ட கேட்டேன். அவர் கொஞ்சம் யோசிச்சுட்டு, "சரி, படி. பெயிலானா ஒரு வார்த்தை பேசாம திருநெல்வேலிக்குப் போகணும்"னார். நானும் சரின்னுட்டேன். நான் தோத்துப் போவேன்னு நம்பித்தான் அவர் சம்மதிச்சார். அது எனக்கும் புரிஞ்சுது, அந்தக் கோபத்துலயே போய்ச் சேர்ந்தேன்.

தம்பானூரைத் தாண்டி ஒரு மாடியில கிளாஸ். மீசை முளைச்சும் முளைக்காத பையன்கள் எல்லாம் பெஞ்சுல, நான் மட்டும் முன்னால ஒரு நாற்காலியில. வாத்தியாரே என்னைவிடப் பத்து வயசு சின்னவர், மலையாளி. நான் அவரை சார்னு கூப்பிடுவேன், அவர் என்னை சேச்சின்னு, அதாவது அக்கான்னு, கூப்பிடுவார். வரையறதுல எனக்குக் கஷ்டமே இல்லை. இங்க் பேனா பிடிச்சா கோடு பிசிறு இல்லாம வரும். கணக்குதான் என்னைப் போட்டுப் பாடாப் படுத்திச்சு. புஸ்தகம் இங்கிலீஷ், சார் விளக்கறது மலையாளம், நான் மண்டைக்குள்ள தமிழ்ல மாத்தி முடிக்கறதுக்குள்ள போர்டை அழிச்சுடுவார். பதினாறு பதினேழு வருஷமா மிளகாயும் மல்லியும் அரைச்ச மூளை, அல்ஜீப்ராவைப் பார்த்ததும் கதவைச் சாத்திக்கிட்டுது.

அதுலயும் ஒரு விசித்திரம். கூட்டலும் பெருக்கலும் எனக்குத் தப்பாது, கடைக்காரன் வீட்டுப் பிள்ளை இல்லையா. ஆனா மைனஸ்னு ஒண்ணு வந்தா போதும், என் விடை தப்பு. மைனஸ் ஏழுன்னு வரவேண்டிய இடத்துல ஏழுன்னு எழுதியிருப்பேன். "எண்ணம் சரி சேச்சி, சைன் தெற்று"ன்னு, எண் சரி, குறி தப்புன்னு, சார் சிவப்பு மையில சுழிச்சுச் சுழிச்சுக் குடுப்பார். முதல் பரீட்சையில கணக்குல பெயில். அது அண்ணன் காதுக்குப் போச்சு. இன்னும் ஒரு தடவை எழுதலாம்னு கெஞ்சிக் கேட்டு வாங்கினேன். அதுதான் கடைசித் தடவை.

ஒரு ஞாயித்துக்கிழமை காலையில எங்களை லெவல் எடுக்கக் கூட்டிக்கிட்டுப் போனாங்க. பாளையம் மேட்டுல ஆரம்பிச்சு, எங்க சாலைக்குப் பக்கத்துல பள்ளத்துல இருக்கிற கிழக்கேகோட்டை வரைக்கும் ரோட்டோட உயரத்தை அளக்கணும். மூணு கால் ஸ்டாண்டு மேல தூரக்கண்ணாடி மாதிரி ஒரு கருவி. தூரத்துல ஒருத்தன் அளவு போட்ட நெட்டைக் கட்டையை நட்டுப் பிடிச்சிருப்பான். கண்ணாடி வழியாப் பார்த்து, கட்டையில தெரியற அளவைக் குறிக்கணும். முந்தின இடத்தைவிட இந்த இடத்துல பெரிய எண் தெரிஞ்சா தரை இறங்கியிருக்குன்னு அர்த்தம், வித்தியாசத்தை இறக்கம்ங்கிற கட்டத்துல எழுதணும். சின்ன எண் தெரிஞ்சா ஏற்றம். இவ்வளவுதான் விஷயம்.

நான் சேலை முந்தானையை இழுத்துச் சொருகிக்கிட்டு, ஒத்தைக் கண்ணை மூடி, நடு ரோட்டுல குனிஞ்சு பார்த்துக்கிட்டு இருந்தேன். எங்க கடைக்குச் சரக்கு வாங்க வர்ற ஒருத்தர் சைக்கிளை நிறுத்தி என்னைப் பார்த்துட்டு, வந்த வேகத்துல திரும்பினார். எங்கே போறார்னு தெரியாதா? நேரே அண்ணன் கடைக்குத்தான். போகட்டும்னு நான் அடுத்த அளவைக் குறிச்சேன்.

மறுநாள் கிளாஸ்ல சார் ஒவ்வொருத்தர் கணக்கையும் பார்த்தார். என்னோடதை எடுத்து ரெண்டு தடவை புரட்டிப் பார்த்தார். அப்புறம் சத்தமா வாசிச்சார். கண்ணாடியில பார்த்த அளவு ஒண்ணுகூடத் தப்பில்லையாம். ஆனா வித்தியாசத்தை எல்லாம் ஏற்றம் கட்டத்துலயே எழுதியிருக்கேன். இறக்கம் கட்டம் மொத்தமும் காலி. சேச்சியோட கணக்குப்படி கிழக்கேகோட்டை பாளையத்தைவிட உயரம், மழை பெஞ்சா கோட்டையிலிருந்து வெள்ளம் பாளையத்துக்கு ஏறிப் போகும்னார். கிளாஸ் முழுக்கச் சிரிப்பு. பின்னால ஒருத்தன், "நல்லதாச்சு, இனி சாலைக் கடைகள்ல வெள்ளம் ஏறாது"ன்னான். அதுக்கு இன்னும் பெரிய சிரிப்பு.

எனக்கு அவமானத்துல காது ரெண்டும் சுட்டுது. தினம் அந்த ரோட்டுல நடக்கிறவள் நான். கோட்டையிலிருந்து பாளையத்துக்கு ஏறும்போது மூச்சு வாங்குறது என் காலுக்குத் தெரியும், என் கைக்கு மட்டும் ஏன் தெரியலை?

கிளாஸ் முடிஞ்சதும் சார் என்கிட்ட தனியா வந்து நல்ல மனசோடதான் பேசினார். சேச்சிக்கு அருமையான கை, கோலம் போடுற கை, வரையறதை மட்டும் படிச்சுக்கிட்டா போதும், சர்ட்டிபிகேட்டுக்காக இந்தக் கணக்கோட எதுக்கு மல்லுக்கட்டணும்னார். எனக்கு வந்ததே கோபம். "கோலம் போட எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம் சார். நான் வந்தது கணக்குக்கு. கணக்கைச் சொல்லுங்க"ன்னேன். அவர் முகம் சுருங்கிட்டுது. ஆனாலும் மறுபடி உட்கார்ந்து சொல்லிக் குடுத்தார். அதுக்கு அவருக்கு இன்னிக்கும் நன்றி சொல்வேன். அன்னிக்கும் எனக்குப் புரியலைங்கிறது வேற விஷயம்.

புரிஞ்சது ரெண்டு நாள் கழிச்சு, அடுக்களையில. அண்ணன் கடைக்குக் கிளம்பிக்கிட்டு இருந்தார். மைனி பருப்பு டின்னைப் பார்க்கச் சொன்னா. எடுத்துத் திறந்தேன். அடியில நாலு பருப்பு ஒட்டிக்கிட்டு இருந்தது. நான் வாசலைப் பார்த்து, "அண்ணே, பருப்பு நிறைஞ்சிருக்கு"ன்னு குரல் குடுத்தேன். அவரும் சரின்னுட்டுப் போனார். கொஞ்ச நேரத்துல கடையிலிருந்து பருப்பு வந்து இறங்கிடுச்சு.

உங்க வீட்டுலயும் இப்படித்தான் சொல்லுவீங்க. அரிசி தீர்ந்தா இல்லைன்னு சொல்லக்கூடாது, நிறைஞ்சிருக்குன்னு சொல்லணும். எங்க வீட்டுல வியாபாரம் வேற, கேட்கணுமா? கடையில வெல்லம் தீர்ந்து போயிருந்தாலும் "நாளைக்கு வரும்"னுதான் சொல்லணும். இல்லைங்கிற சொல்லை வாயில எடுத்தா அப்பா வாயிலேயே அடிப்பார். அப்படி அடி வாங்கி வளர்ந்தவளோட கை இது. குறையுதுன்னு எழுதவேண்டிய இடம் வந்தா தானா நிறைஞ்ச பக்கம் போய் எழுதிடுது. காலி டின்னைக் கையில பிடிச்சுக்கிட்டு அங்கேயே நின்னேன். பருப்பைப் பத்தி மட்டும் யோசிக்கலை. கொழும்புல இருக்கார், வந்திருவார்னு இத்தனை வருஷமா நாங்க சொல்லிக்கிட்டு இருந்ததும் இதே பேச்சுதானேன்னு தோணிச்சு. அழுகையா ஆத்திரமான்னு சொல்லத் தெரியலை.

அன்னிக்குச் சாயங்காலம் வீட்டு முத்தத்துல சிலேட்டை வச்சுக்கிட்டு உட்கார்ந்தேன். மைனஸ் வந்த இடத்துல எல்லாம் வாய்விட்டு "இல்லை"ன்னு சொல்லிக்கிட்டே எழுதினேன். முதல்ல நாக்கு எழும்பலை. பத்துக் கணக்குக்கு அப்புறம் சரளமா வந்தது. மைனி கையைப் பிசைஞ்சுக்கிட்டு ஓடி வந்தா. விளக்கு வச்ச நேரத்துல இல்லை இல்லைன்னு ஜபம் பண்ணினா வீடு உருப்படுமான்னு கேட்டா. அண்ணன் கடையைச் சாத்திட்டு வந்ததும் அவர் காதுலயும் விழுந்தது.

"ஏட்டி, வியாபாரம் நடக்கிற வீடு இது. போய்க் கிணத்தடியில உட்கார்ந்து படி"ன்னார்.

"அங்கே வெளிச்சம் இல்லை"ன்னேன்.

அந்த இல்லையையும் அழுத்தித்தான் சொன்னேன். மைனிக்குச் சிரிப்பு பொத்துக்கிட்டு வந்துடுச்சு. அண்ணன் முறைச்சதும் முந்தானையால வாயை மூடிக்கிட்டு உள்ளே போனா. நான் இடத்தை விட்டு எழுந்திருக்கலை. அன்னிக்கு மட்டுமில்லை, பரீட்சை வரைக்கும் தினம் அதே முத்தம், அதே சத்தம்.

இதோட கணக்கு எனக்குக் கைவந்துட்டுதுன்னு நினைக்காதீங்க. அல்ஜீப்ராவுல பாதி எனக்குக் கடைசி வரைக்கும் பிடிபடலை. பரீட்சையில சில கேள்விகளைத் தொடவே முடியலை. ஆனா லெவல் கணக்கு வந்தது. ஒவ்வொரு இறக்கத்தையும் இறக்கம்னே எழுதினேன். கடைசியில ஏற்றத்தையும் இறக்கத்தையும் கூட்டிக் கழிச்சுச் சரிபார்க்கிற இடம் ஒண்ணு உண்டு. அதுவும், முதல் இடத்துக்கும் கடைசி இடத்துக்கும் உள்ள உயர வித்தியாசமும் ஒரே எண்ணா வரணும். வந்தது. பரீட்சை ஹால்ல உட்கார்ந்து நான் தனியாச் சிரிச்சேன். மேற்பார்வைக்கு நின்னவர் என்னைச் சந்தேகமாப் பார்த்தார். பார்த்தா பார்க்கட்டும்.

பாஸ். கணக்குல மயிரிழையில பாஸ். "சேச்சி தோற்றில்லல்லோ"ன்னு சார் கையை நீட்டினார். பொம்பளை கையைக் குலுக்கலாமான்னு பாதியில அவருக்கே சந்தேகம் வந்து, கும்பிட்டுட்டார். தோத்துப் போகலையேன்னு அவருக்கே ஆச்சரியம்.

கதை அதோட முடியலை. ரிசல்ட் வந்த பிறகும் திருநெல்வேலிக்காரர் வந்து நின்னார். பாஸானது சந்தோஷம்தானாம். ஆனா தம்பி வர்ற வரைக்கும் நான் வேலைக்குப் போறது குடும்பத்துக்கு அழகில்லையாம். தம்பி வந்து கேட்டா என்ன பதில் சொல்றதாம். அண்ணன் குடுத்த வாக்கை மறந்துட்டு, வழக்கம்போலத் தலையை ஆட்ட ஆரம்பிச்சார். நான் காப்பி கொண்டுவந்து வச்சேன். வச்ச கையோட சொன்னேன்.

"அத்தான், அவர் வரமாட்டார். எனக்குப் புருஷன்னு ஒருத்தர் இல்லை."

எனக்குக் கண்ணுல தண்ணி கொட்டிச்சு. ஆமா, அழுதேன். அழுதுக்கிட்டே நின்னேனே ஒழிய, சொன்ன வார்த்தையைத் திருப்பி எடுக்கலை. இப்ப வந்திருவாருன்னு எனக்கு முந்திச் சொல்ற மைனி அடுக்களை வாசல்ல நின்னா. எல்லாரும் அவ முகத்தைத்தான் பார்த்தாங்க. அவ ஒண்ணுமே சொல்லலை. தம்ளரை எடுத்துக்கிட்டு உள்ளே போயிட்டா. அந்த மனுஷர் மத்தியானப் பஸ்ஸுக்கே கிளம்பிட்டார்.

அண்ணன் என்கூடப் பேசவே இல்லை. பாளையத்துல ரோடு போடுற ஆபீஸ் ஒண்ணுல பிளான் வரையற வேலை கிடைச்சு, நான் சேர்ற அன்னிக்குக் காலையில மட்டும் குடையை எடுத்துக்கிட்டு எனக்கு முன்னால நடந்தார். ஆபீஸ் வாசல் வரைக்கும் வந்து, குடையை என் கையில குடுத்துட்டு, "மேட்டுல இருக்கு ஆபீஸ். வெயில்ல நடக்காதே பிள்ளே, பஸ்ல வா"ன்னார். மேடுன்னு எனக்குத் தெரியும்ணே, அளந்திருக்கேன்னு சொன்னேன்.

அதுக்கப்புறம் எத்தனையோ ரோடு, பாலம் எல்லாம் என் கையால வரைஞ்சாச்சு. கணக்கு இன்னிக்கும் எனக்குச் சுலபம் கிடையாது, ஒவ்வொண்ணையும் ரெண்டு தடவை போட்டுப் பார்ப்பேன். ஆனா என் வீட்டுல அரிசி தீர்ந்தா தீர்ந்துட்டுதுன்னுதான் சொல்றேன், அதனால ஒரு குறையும் வந்துடலை. இல்லாததை இல்லைன்னு சொன்ன பிறகுதான், என்கிட்ட என்ன இருக்குன்னு எனக்கே தெரிஞ்சுது.