பரவைக்கடலில் அப்பாவின் இடம்

புயலுக்குப் பிந்திய வருடத்தில் எங்கள் ஊருக்கு எல்லாம் ஓர் ஒழுங்கில் திரும்பி வந்தன. முதலில் மாதா கோயில் கூரைக்குத் தகரம், பிறகு மின்சாரம், பிறகு பள்ளிக்கூடத்து மேசைகள், அதன் பிறகு யாரோ உதவியாகக் கொடுத்த நீல நிறப் படகுகள். எதற்குப் பின்னால் எது வரும் என்று மனதுக்குள் அடுக்கி வைப்பது எனக்கு அப்போதே பழக்கம். படகுகளுக்கு அடுத்தது அப்பா என்று வைத்திருந்தேன். எனக்கு ஏழு வயது.

புயல் வருகிறது என்றதும் வலையைக் கழற்றி வரப் போனவர் அப்பா. அவரும் கிடைக்கவில்லை, வள்ளமும் கிடைக்கவில்லை. காற்று அள்ளிக்கொண்டுபோய் இந்தியக் கரையில் விட்டிருக்கும், அங்கே பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று அம்மா சொன்னார். அப்படிப் போய் மாதக்கணக்கில் இருந்துவிட்டுத் திரும்பியவர்கள் எங்கள் கரையில் இருந்தார்கள். அதனால் யாரும் அம்மாவை மறுத்துக் கதைக்கவில்லை.

எங்களுக்கு மிஞ்சியிருந்தது பரவைக்கடலில் ஓர் இடம். ஆழமில்லாத அந்தக் கடலில் வரிசையாகத் தடிகளை நட்டு, வலை கட்டி, மீனை உள்ளே வழிநடத்திப் பிடிப்பார்கள். தடி நடும் இடத்துக்குப் பாடு என்று பெயர். பாடு தகப்பன் வழியில் வருவது. ஒருவர் இறந்தால் அது மனைவிக்கு. அவள் தன் சகோதரனைக் கொண்டு தடி நடலாம். உயிரோடு இருப்பவர் ஒரு வருடம் நடாமல் விட்டால், மீனவர் சங்கம் அதை எடுத்துச் சீட்டுக் குலுக்கி வேறொருவருக்குக் கொடுத்துவிடும். அப்பாவின் தடிகளைப் புயல் பிடுங்கிப் போயிருந்தது.

வருடம் முடிய வந்தபோது சங்கத் தலைவர் வீட்டுக்கு வந்தார். இருக்கச் சொல்லியும் இருக்கவில்லை.

"தங்கச்சி, கோவிக்காதை. அவர் இருக்கிறாரெண்டா அவர்தான் வந்து நடவேணும். இல்லையெண்டா பாடு உனக்கு. ரெண்டிலை ஒண்டைச் சொல்லு."

"அவர் வருவார்," என்றார் அம்மா.

தலைவர் போன பிறகு, அம்மாவின் தம்பியான என் மாமா வாசலைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னார். "அத்தான் வந்தாலும் தொழிலுக்கு ஒரு இடம் வேணுமே, அக்கா."

அடுப்பில் சோறு அடிப்பிடித்து மணத்தது. அம்மா எழும்பவில்லை, மாமாதான் போய் இறக்கி வைத்தார்.

எங்கள் ஊரில் ஒருவர் இறந்ததற்குச் சங்கம் கேட்கும் சாட்சி, கோயிலில் அடிக்கும் சாவு மணி. வருடம் முழுவதும் அப்பாவுக்காக அதை அடிக்க அம்மா விட்டதில்லை. அந்தக் கிழமை தானே போய்ப் பங்குச் சுவாமியிடம் அப்பாவுக்கு ஆத்துமப் பூசை கேட்டார்.

மாமாவின் பேச்சை நான் என் கணக்கில் விளங்கிக்கொண்டேன். மணி அடித்தால் பாடு கிடைக்கும். பாடு இருந்தால் அப்பா வந்து தொழில் செய்வார். ஆகவே மணி என்பது சங்கத்துக்காக நாங்கள் செய்யும் தந்திரம். பூசையில் அம்மா வெள்ளைச் சேலை உடுத்திருந்தார். கழுத்தில் ஒன்றும் இல்லை. மணி ஒவ்வொன்றாக, நீண்ட இடைவெளி விட்டு விழுந்தது. பெண்கள் அழுதார்கள். எல்லோரும் எவ்வளவு நன்றாக நடிக்கிறார்கள் என்று நினைத்து, சிரிப்பு வராமல் உதட்டைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

மறுநாள் காலை மாமா என்னையும் வள்ளத்தில் ஏற்றிக்கொண்டார். மாமாவுக்குத் தடி நடுவது கைவந்த வேலை இல்லை. நட்டவை எல்லாம் ஒரு பக்கம் சாய்ந்தன. பக்கத்துப் பாடு வைத்திருந்தவர் வலை கட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"என்ன மச்சான், தடி நடுறியோ, கடலுக்குப் பல்லுக் குத்துறியோ?"

"நீ உன்ரை வேலையைப் பார்," என்று மாமா கத்தினார். கிண்டல் செய்தவரே வள்ளத்தை விட்டு இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் நடந்து வந்து தடிகளை நிமிர்த்தத் தொடங்கினார். மீன் நுழைய எங்கே வாசல் விடவேண்டும் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. அப்பாவோடு ஒன்றாகத் தொழில் பழகியவர்.

திரும்பும்போது மாமாவிடம் கேட்டேன். "அப்பா வந்தாப் பாடு ஆருக்கு, மாமா?"

மாமா வள்ளத்தைத் தள்ளும் தாங்குகோலை ஊன்றியபடி நின்றார். "அப்பாவுக்குத்தான், பிள்ளை."

அம்மா கரையில் நின்றார். வள்ளம் தரை தட்டுமுன் நான் குதித்து, சேற்றில் விழுந்தெழும்பி ஓடினேன்.

"அம்மா! அப்பா வந்தாப் பாடு அப்பாவுக்குத்தானாம். மாமா சொன்னவர்!"

அம்மா என் தலைக்கு மேலால் மாமாவைப் பார்த்தார். மாமா குனிந்து, ஏற்கெனவே கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து மறுபடியும் கட்டினார்.

அம்மா என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய்க் காலைக் கழுவினார். சேறு போய், தண்ணீர் தெளிவாக ஓடிய பிறகும் அள்ளி அள்ளி ஊற்றிக்கொண்டே இருந்தார். முகத்தை நிமிர்த்தவில்லை. எனக்குக் குளிர்ந்தது. மாமா தடியைச் சரிவாக நட்டது அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது, அதுதான் கோபம் என்று நினைத்தேன்.

"மாமாவை ஏசாதேங்கோ அம்மா," என்றேன். "இப்ப எல்லாம் நேராத்தான் நிக்குது."