கணினியை அணைக்க வேண்டாம்

மரியம்மாளுக்கு நாற்பத்தாறு வயது. முசரவாக்கத்துக்காரர். அவருடைய பெற்றோர் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டுப் பிழைத்தவர்கள். மரியம்மாள் பள்ளி முடித்து, தட்டச்சில் ஹையர் தேறி, காஞ்சிபுரத்தில் தாலுகா ஆபீஸ் எதிர்ச்சந்தில் பதினோரு வருஷமாக மனு எழுதித் தருகிறார். பட்டா மாற்றம், விதவை உதவித்தொகை, சாதிச் சான்றிதழ் என்று யார் எதைப் புலம்பினாலும், அவர்கள் சொல்லி முடிப்பதற்குள் அது மனுவாகியிருக்கும்.

கடையில் ஒரே ஒரு கம்ப்யூட்டர். முன்பெல்லாம் இரண்டு நிமிஷத்தில் கிளம்பியது, இந்த வருஷம் இருபது நிமிஷம் எடுத்துக்கொண்டது. மெக்கானிக் லோகேஸ்வரன் வந்து தூசி ஊதினான். ராம் என்னும் நினைவகப் பலகையைக் கழற்றி, ரப்பரால் தேய்த்து மாட்டினான். ஒன்றும் மாறவில்லை.

"ஹார்டு டிஸ்க் போவப் போவுதுக்கா. மெஷின ரெண்டு நாள் குடுங்க, புதுசு மாத்தித் தரேன்."

"உள்ள இருக்கிறது எல்லாம் அப்படியே வந்துருமா?"

"வரும்கா. பெரும்பாலும் வந்துரும்."

அந்தப் 'பெரும்பாலும்' அவரைத் தடுத்தது. பதினோரு வருஷ மனுக்களும் அதற்குள்தான் இருந்தன.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், போனில் வீடியோ ஒன்றைப் பார்த்துத் தானே இறங்கினார். கம்ப்யூட்டர் கிளம்பும்போது கூடவே ஓடும் புரோகிராம்களை ஒவ்வொன்றாக நிறுத்தினார். நிலுவையில் இருந்த அப்டேட்டையும் போடச் சொன்னது வீடியோ. அதற்கும் சரி என்று அழுத்தி, வழக்கம்போலக் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுக் கடையைப் பூட்டினார். மனசு லேசாக இருந்தது.

மறுநாள் காலை ஏழே முக்காலுக்கு அவர் வந்தபோது, ஷட்டர் அருகே சிம்ரன் நின்றிருந்தாள். பட்டுப்புடவைக் கடையில் வேலை பார்க்கும் பெண், இருபத்து மூன்று வயது. அன்றைக்கு அவளுக்கு அரசு எழுத்தர் வேலைக்கான தேர்வு. அச்செடுத்த ஹால் டிக்கெட்டைப் புடவைக்கடை மேஜையிலேயே விட்டுவிட்டாள். அந்தக் கடை பத்து மணிக்குத்தான் திறக்கும்.

"போன்ல இருக்குது ஆன்ட்டி. ஆனா பேப்பராதான் வேணுமாம். ஒம்போது மணிக்கு கேட்டை மூடிருவாங்க."

"உக்காரும்மா. ஒரு நிமிசம்" என்று மரியம்மாள் சுவிட்சைப் போட்டார். பிரிண்டர் பழையது, கம்ப்யூட்டர் வழியாகத்தான் அச்செடுக்கும்.

திரையில் வட்டம் சுழன்றது. பிறகு நீலப் பின்னணியில் எழுத்து வந்தது: அப்டேட் நடக்கிறது, கணினியை அணைக்க வேண்டாம், ஆறு சதவீதம்.

எட்டேகாலுக்குப் பதினெட்டு சதவீதம். சிம்ரன் தெருமுனை வரை ஓடி, இரண்டு ஜெராக்ஸ் கடையும் பூட்டியிருப்பதைப் பார்த்துவிட்டு வந்தாள். மரியம்மாள் லோகேஸ்வரனைக் கூப்பிட்டார். அவன் தொலைவில், மாகறலில் வீட்டில் இருந்தான்.

"நடுவுல ஆஃப் பண்ணிராதீங்கக்கா. அப்புறம் ஒண்ணுமே வராது."

எட்டரைக்கு நாற்பத்தொன்று. பிறகு வெகுநேரம் அதே நாற்பத்தொன்று. தட்டச்சில் பத்து விரலும் வேகமாக ஓடும் மரியம்மாள், கையை மடியில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். செய்வதற்கு ஒன்றும் இல்லை.

"நான் போயி போனைக் காட்டிப் பாக்குறேன் ஆன்ட்டி" என்று ஹால் டிக்கெட்டை அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு சிம்ரன் கிளம்பினாள்.

எட்டு ஐம்பத்திரண்டுக்குத் திரை திறந்தது. மரியம்மாள் அச்செடுத்து, கடையை அப்படியே போட்டுவிட்டு ஆட்டோவில் ஏறினார். தேர்வு நடக்கும் பள்ளிக்கூட வாசலை அடைந்தபோது மணி ஒன்பது ஆறு. கேட் மூடியிருந்தது. போனைக் காட்டியும் உள்ளே விடாததால், வெளியே நாலைந்து பேரோடு சிம்ரனும் நின்றிருந்தாள். மரியம்மாள் கம்பி வழியே காகிதத்தை நீட்டிக் கெஞ்சினார். உள்ளே இருந்த காவலர், "என் கையில ஒண்ணும் இல்லம்மா" என்று திரும்பி நின்றுகொண்டார்.

"நேத்து நான் அத நோண்டாம இருந்திருக்கணும்" என்றார் மரியம்மாள்.

"பேப்பர விட்டுட்டு வந்தது நாந்தான ஆன்ட்டி. நீங்க இன்னா பண்ணுவீங்க" என்றாள் சிம்ரன். திட்டியிருந்தால் தேவலை என்று அவருக்குத் தோன்றியது.

திங்கட்கிழமை அவர் கம்ப்யூட்டரை லோகேஸ்வரனிடம் கொடுத்தார். மனுக்கள் எல்லாம் பத்திரமாகத் திரும்பி வந்தன. இப்போது சுவிட்சைப் போட்ட அரை நிமிஷத்தில் திரை தயாராகிவிடுகிறது. சிம்ரன் தினமும் அந்தச் சந்து வழியாகத்தான் வேலைக்குப் போகிறாள். சில நாள் நின்று, அடுத்த தேர்வுக்கு அறிவிப்பு வந்துவிட்டதா என்று கேட்கிறாள். மரியம்மாள் தேடிப் பார்த்து, இன்னும் வரவில்லை என்கிறார்.